மாப்பிள்ளை காரில் எரிந்த மஞ்சள் விளக்கு

சென்ற ஆண்டு என் சகோதரியின் இளைய மகனுக்கு நிக்காஹ். இராமநாதபுரத்தில் ஒரு பூக்கடையில் மாப்பிள்ளை காரை அலங்கரித்துக்கொண்டு கீழக்கரைக்குப் புறப்பட்டோம். காரை ஓட்டியவர் மாப்பிள்ளையின் தமையனார். கார் அவருடையது, வாங்கி நான்கு மாதங்கள்கூட நிறையாத புத்தம் புதிய கார். ஊர் எல்லையைத் தாண்டி இரண்டு மூன்று கிலோ மீட்டர் தூரம் போயிருப்போம். 'டிங்' என்று ஓர் ஓசை. ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரியத் தொடங்கியது. அதில் தெரிந்த படமோ, ஒரு கார் மற்றொன்றின் மீது மோதுவதைப் போன்றது!

"மாமா, இது என்ன விளக்கு? இதுவரை எரிந்ததே இல்லையே!" என்றார் மருமகன்.

"கார் எதிலும் மோதப் போகிறதா வாப்பா?" என்று பின்னிருக்கையிலிருந்து என் தாயார் பதறினார்கள்.

காருக்குள் இருந்த அனைவரும் ஆளுக்கொரு யோசனை கூறத் தொடங்கினார்கள். புது வண்டியல்லவா, கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். வண்டிதான் ஓடுகிறதே, பேசாமல் ஓட்டு என்றார் மற்றொருவர். அந்தப் பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் அணைத்துவிடு என்றார் மூன்றாமவர். நான் காரைச் சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தச் சொன்னேன். இறங்கி முன்புறம் சென்று பார்த்தேன். காரின் முகம் முழுவதும் ரோஜாவும் சம்பங்கியும் கையளவு பருமனுக்குச் சரம் சரமாகத் தொங்கிக் கொண்டிருந்தன. வாடிவிடக் கூடாதே என்று பூக்காரர் தாராளமாகத் தண்ணீரும் தெளித்திருந்தார். முன் பம்பரின் நடுவிலிருந்த சரங்களை மட்டும் இருபுறமும் ஒதுக்கிக் கட்டிவிட்டு, அவ்விடத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன். காரை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து சிறிது தூரம் சென்றதும் விளக்கு அணைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், குறித்த நேரத்தில் நிக்காஹ் மஜ்லிஸுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சிரித்து மறந்துவிட வேண்டிய நிகழ்ச்சிதான் இது. ஆனால், இதே விளக்கை என் உறவினர் ஒருவர் ஷார்ஜாவில் அலட்சியம் செய்த கதையும் எனக்குத் தெரியும். அது சிரிக்கத்தக்கதன்று. அதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் இந்த விளக்கு யாது, எதற்காக எரிகிறது என்பதை நாம் அறிந்துகொள்வோம். சகோதரிகளே! இது கார் சமாச்சாரம், ஆண்களுக்குரியது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று உங்களில் பலர் காரோட்டுகிறீர்கள். ஓட்டாதவர்களும் பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு அதே காரில்தானே பயணம் செய்கிறீர்கள்?

எங்கிருந்து வந்தது?

முன்னால் செல்லும் வாகனத்தின் மீது நம் கார் மோதிவிடக்கூடும் என்று தோன்றினால் ஒலியெழுப்பி எச்சரிப்பதும், ஓட்டுநர் அதற்கும் அசையாவிடில் தானே பிரேக்கை அழுத்துவதுமான ஓர் அமைப்பு இப்போது வரும் பல கார்களில் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருக்கிறது. வேலை ஏறத்தாழ ஒன்றே. 2003ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் தன் இன்ஸ்பயர் காரில் இத்தகைய அமைப்பைப் பொருத்தி விற்றது. 2008ஆம் ஆண்டில் வோல்வோ நிறுவனத்தின் எக்ஸ்.சி. 60 காரில், நகர நெரிசலில் மெதுவாகச் செல்லும்போது தானே பிரேக் போடும் வசதி வந்தது. அமெரிக்காவில் 20 கார் நிறுவனங்கள் ஒன்றுகூடி, 2022ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் ஏறத்தாழ எல்லாப் புதிய கார்களிலும் இதனைப் பொருத்திவிடுவதாக 2016இல் வாக்களித்தன. ஐரோப்பிய ஒன்றியமோ 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்திற்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. நம் நாட்டில் 2021இல் மகிந்திராவின் எக்ஸ்.யு.வி. 700, எம்.ஜி. ஆஸ்டர் ஆகியவற்றிலும், 2022இல் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வகையிலும் வந்தது. இன்று நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் பல கார்களின் விலையுயர்ந்த ரகங்களில் இது இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் சபுராளிகளுக்கு இது முன்னரே பழக்கமானது.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முன்னால் உண்மையிலேயே ஆபத்து நெருங்கும்போது பல கார்களில் சிவப்பு நிறத்தில் பளிச் பளிச்சென்று மின்னி, கூடவே 'பீப் பீப்' என்று அலறும். அது 'பிரேக் போடு' என்னும் கூக்குரல். அணையாமல் அமைதியாக எரியும் மஞ்சள் விளக்கு அத்தகையதன்று. 'என்னால் இப்போது முன்னால் உள்ளதைப் பார்க்க இயலவில்லை. என்னை நம்பாதே, நீயே பார்த்து ஓட்டு' என்று அந்த அமைப்பு தன் இயலாமையை ஒப்புக்கொள்வதே அது. எனவே என் தாயார் பயந்ததுபோல் கார் எதிலும் மோதப் போவதில்லை. வழக்கமான பிரேக் வேலை செய்யும்; காரை ஓட்டிச் செல்லலாம். அந்த இரண்டாவது காவலாளி மட்டும் கூட இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த மஞ்சள் விளக்கோடு சிவப்பு நிறத்தில் பிரேக் விளக்கும் சேர்ந்து எரியுமானால் நிலைமை வேறு. அப்போது காரைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். ஓட்டிச் சென்று பார்ப்போம் என்று துணியலாகாது.

இரண்டு கண்கள்

காரின் இந்தக் காவலாளிக்குப் பெரும்பாலும் இரண்டு கண்கள். ஒன்று, முன் கண்ணாடியின் மேற்புறத்தில், உட்புறக் கண்ணாடிக்கு அருகே ஒட்டப்பட்டிருக்கும் கேமரா. மற்றொன்று ரேடார். இது சில கார்களில் முன்புறம் பதித்திருக்கும் நிறுவனச் சின்னத்திற்குப் பின்னாலும், சிலவற்றில் பம்பரின் கீழ்ப்பகுதியிலும் ஒளிந்திருக்கும். கேமராவை மட்டுமே நம்பி ஓடும் கார்களும் உண்டு.

இவ்விரு கண்களும் பார்க்கும் விதத்தை எண்ணும்போது எனக்கு இப்னு ஹைதம் அவர்களின் நினைவு வருகிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அந்த மேதையை ஐரோப்பியர் அல்ஹாஸன் என்று அழைத்தார்கள். அவருக்கு முன்பு யூக்ளிட், தாலமி முதலிய கிரேக்க அறிஞர்கள், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று கருதியிருந்தார்கள். அஃது அவ்வாறன்று, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதைத் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் அவர் நிறுவினார். மனிதக் கண்ணைப் பொறுத்தவரை கிரேக்கர்கள் கூறியது தவறு. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! ரேடார் என்பது அந்தக் கிரேக்கர்கள் கற்பனை செய்த கண்ணேதான். தானே கதிர்களை வீசி, அவை எதிலேனும் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தையும் வேகத்தையும் அது கணிக்கிறது. கேமராவோ இப்னு ஹைதம் விளக்கிய கண். எதையும் வீசுவதில்லை, வருகிற ஒளியை வாங்கிக்கொள்கிறது.

ரேடாருக்கும் மோதலைத் தடுப்பதற்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1904ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹுல்ஸ்மேயர் என்பவர், மின் அலைகளை வீசித் தொலைவில் வரும் கப்பலைக் கண்டறியும் கருவியைச் செய்து காட்டினார். மூடுபனியில் கப்பல்கள் மோதிக்கொள்ளாதிருப்பதே அவருடைய நோக்கம். அன்று அவருடைய கருவியை வாங்குவார் இல்லை! இன்றைய காரிலுள்ள ரேடார் ஒரு நொடிக்குச் சுமார் 7,700 கோடி அதிர்வுகள் கொண்ட அலையை வீசுகிறது. அந்த அலையின் நீளம் நான்கு மில்லி மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நூறு மீட்டருக்கு அப்பால் செல்லும் காரில் பட்டு அது திரும்பி வர, ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுகூட ஆவதில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கண் எதனால் குருடாகும் என்பது தானே விளங்கிவிடும். இப்னு ஹைதமின் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். கண்ணாடி துலக்கமாக இருக்க வேண்டும். எதிர் வெயில், கடும் மழை, மூடுபனி, கண்ணாடியில் படிந்த ஆவி, நசுங்கிய பூச்சி இவையெல்லாம் அதற்குப் பகை. கிரேக்கர்களின் கண்ணுக்கு இருட்டும் பனியும் பொருட்டல்ல. ஆனால் அதன் முகத்தில் ஈரமும் சேறும் உலோகமும் ஆகா. எங்கள் மாப்பிள்ளை காரில் நடந்தது இதுவே. தண்ணீர் ஊறிய பூச்சரம் அந்த அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் தடுத்துவிட்டது.

முதலில் துணியை எடுங்கள்

விளக்கு எரிந்ததும் பணப்பையை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம். முதலில் ஈரத் துணியை எடுங்கள். முன் கண்ணாடியின் மேற்பகுதியை, கேமராவுக்கு நேர் வெளிப்புறத்தில் நன்றாகத் துடையுங்கள். வைப்பர் தேய்ந்து போயிருந்தால் சரியாக அந்த இடத்தில்தான் அரைவட்டக் கோடு விழுந்திருக்கும். வைப்பரின் ரப்பரை மாற்றியதும் விளக்கு அணைந்துவிட்ட கார்கள் உண்டு. பிறகு முன்புறச் சின்னத்தையும் பம்பரின் நடுப்பகுதியையும் மெல்லிய துணியால் துடையுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், அதிக அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சும் குழாயை மிக அருகில் பிடிக்கவும் வேண்டாம். துடைத்தபின் காரை முற்றிலும் அணைத்து, ஓரிரு நிமிடங்கள் கழித்து ஸ்டார்ட் செய்து சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து, நாமே ஒட்டி வைத்த பொருள்களைக் கவனியுங்கள். இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் கார்கள் பலவற்றில் முன் கண்ணாடியின் நடு உச்சியில் 'மாஷா அல்லாஹ்' என்றோ, '786' என்றோ ஜிகினா எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பரக்கத்தை நாடி ஒட்டிய அது, சில கார்களில் கேமராவின் பார்வைக்குக் குறுக்கே நின்றுவிடுகிறது. அதைப் பின்பக்கக் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள். சுங்கச் சாவடிக்கான ஃபாஸ்டாக் சீட்டும் அவ்வாறே. உட்புறக் கண்ணாடியின் பின்னால், நடுவில் ஒட்டும்படி சொல்கிறார்கள். கேமரா உள்ள காரில் அதன் பார்வைக் களத்தை விட்டு விலகி ஒட்ட வேண்டும். டாஷ்போர்டின் மேல் பளபளக்கும் பொருள்களையும் வைக்கலாகாது. அவற்றின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து கேமராவைக் குழப்பும்.

முன்புறத்தில் இரும்புக் கம்பித் தடுப்புப் பொருத்துவது சிலருக்குப் பெருமை. அதை 2017ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, ரேடாரின் முகத்துக்கு நேரே இரும்புக் கம்பியை நிறுத்துவது, கண்ணெதிரே கையை வைத்து மறைத்துக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. கோடையில் பகல் முழுவதும் வெயிலில் நிறுத்திய காரில் அந்தக் கேமரா அளவுக்கு மீறிச் சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஏ.சி.யைப் போட்டுக் குளிர்ந்த காற்றை முன் கண்ணாடியின் பக்கம் திருப்பிவிட்டால், சிறிது நேரத்தில் அது மீண்டும் விழித்துக்கொள்ளும். குளிர் காலத்து விடியற்காலையில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தாலும் காற்றை அப்பக்கம் திருப்புவதே மருந்து.

இன்னொரு காரணம் குழந்தைகள்! இந்த அமைப்பை அணைத்து வைக்கும் வசதி பல கார்களில் இருக்கிறது. நிறுத்தியிருந்த காரில் விளையாடிய குழந்தை எதையோ அழுத்தியிருக்கும். விளக்கோடு 'ஆஃப்' என்னும் எழுத்தும் தெரிந்தால், பழுது என்று கலங்காமல் மறுபடியும் இயக்கிவிடுங்கள். வழுக்குதலைத் தடுக்கும் அமைப்பை அணைத்தாலும் சில கார்களில் இவ்விளக்கு எரியும்.

விளக்குகள் கூட்டமாக எரிந்தால்...

இந்த விளக்கோடு ஏ.பி.எஸ்., வழுக்குத் தடுப்பு, எஞ்சின் என்று மூன்று நான்கு விளக்குகள் ஒரே நேரத்தில் எரிவதுண்டு. அதைக் கண்டதும் பலருக்கு உயிரே போய்விடுகிறது. 'எல்லாம் போய்விட்டது, ரேடார், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்' என்று சில மெக்கானிக்குகளும் பயமுறுத்துகிறார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. நான்கு பேர் ஒரே சமயத்தில் காய்ச்சலில் விழுந்தால், நால்வரும் குடித்த தண்ணீரை அல்லவா சோதிக்க வேண்டும்?

அந்தத் 'தண்ணீர்' பல வேளைகளில் பேட்டரி. பழைய பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் முதலில் முணுமுணுப்பவை இத்தகைய நுட்பமான கருவிகளே. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுத்தம் செய்து, பேட்டரியைச் சோதித்துப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் எரியும் சில விளக்குகள், சிறிது தூரம் ஓட்டியதும் தாமே அணைந்துவிடும். அடுத்த சந்தேகம், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார். அதன் ஒயர் அறுந்தாலோ, அதில் சேறு அடைத்துக்கொண்டாலோ ஏ.பி.எஸ். விளக்கு எரியும். சக்கரத்தின் வேகம் தெரியாமல் மோதல் தடுப்பு அமைப்பு எதைக் கணக்கிடும்? எனவே அதுவும் கையை விரித்துவிடும்.

எஞ்சினில் கோளாறு தெரிந்தவுடன் இந்த அமைப்பைத் தானாகவே நிறுத்தி வைக்கும் கார்களும் உள்ளன. சுபாரு கார்களில் இது பிரசித்தம். பெட்ரோல் போட்டுவிட்டு மூடியைச் சரியாகத் திருகாததால் எஞ்சின் விளக்கு எரிந்து, அதன் விளைவாக மோதல் தடுப்பும் நின்றுபோவதுண்டு. மூடியை இறுக்க வேண்டியதற்கு ரேடாரை மாற்றினால் எப்படியிருக்கும்!

ஸ்டியரிங்கின் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. கருவியை அதில் மாட்டினால் கார் தன் பழுதை எண் வடிவில் சொல்லும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கருவிகள் பலவும் எஞ்சின் சம்பந்தமான எண்களை மட்டுமே படிக்கும். மோதல் தடுப்பு அமைப்பின் எண்களைப் படிக்க அதற்குரிய கருவி வேண்டும். 'எண் ஒன்றும் வரவில்லை, கார் நன்றாக இருக்கிறது' என்று யாரேனும் சொன்னால், எந்தக் கருவியால் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கண்ணாடி மாற்றியவரின் கதை

இனி அந்த ஷார்ஜா கதைக்கு வருகிறேன். என் மச்சான் ஷார்ஜாவில் குடும்பத்தோடு வசிக்கிறார். நாள்தோறும் துபாய்க்குக் காரில் போய் வருபவர். முன்னால் சென்ற லாரியிலிருந்து தெறித்த கல் அவருடைய முன் கண்ணாடியைத் தாக்கி விரிசலிட்டது. அவர் ஒரு சாதாரணக் கடையில் குறைந்த செலவில் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேமராவைப் பழைய கண்ணாடியிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் முதல் அந்த மஞ்சள் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. வேறொரு கடையில் காட்டினார். அங்கிருந்த பையன் ஒரு கருவியை மாட்டி, எண்களை அழித்து, 'முடிந்தது பாய்' என்று அனுப்பிவிட்டான். விளக்கு அணைந்தது, மச்சானுக்கு மகிழ்ச்சி. ஒரு வாரத்தில் மறுபடி எரிந்தது, மறுபடி அழித்தார். இவ்வாறு மூன்று முறை நடந்திருக்கிறது.

ஒரு நாள் காலை. மனைவியும் ஏழு வயது மகளும் காரில் இருக்கிறார்கள். மகளைப் பள்ளியில் விடப் போகிறார். விளக்கு எரியவில்லை. நெடுஞ்சாலையின் ஒரு வளைவில் பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி. மச்சானுடைய தடத்தில் எதுவுமே இல்லை. அப்படியிருக்க, கார் திடீரென்று அலறிக்கொண்டு தானே பிரேக்கை அழுத்தியது. பின்னால் வந்த கார் டயர் தேயக் கிறீச்சிட்டு, ஒரு முழ இடைவெளியில் நின்றது. 'என் மகள் இருந்தது பின்னிருக்கையில்' என்று தொலைபேசியில் சொன்னபோது அவருடைய குரல் நடுங்கிற்று. அல்லாஹ் காப்பாற்றினான்.

அதன் பின்னரே அவர் உரிய சர்வீஸ் சென்டருக்குச் சென்றார். அங்கே கண்டது இது: கேமராவைத் தாங்கும் பிடி புதிய கண்ணாடியில் இம்மியளவு சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தது. இம்மியளவுதானே என்று எண்ணாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமராவோ ரேடாரோ ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தால், நூறு மீட்டர் தொலைவில் அதன் பார்வை 1.75 மீட்டர் விலகிவிடும். நம் நாட்டு நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். அதாவது, பாதித் தடம் தள்ளிப் பார்க்கிறது! பக்கத்துத் தடத்து லாரியைத் தன் தடத்தில் இருப்பதாக எண்ணிவிடும். தன் தடத்தில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாக எண்ணி விட்டுவிடவும் கூடும்.

ஆகையால், முன் கண்ணாடியை மாற்றினாலும், முன் பம்பரைக் கழற்றி மாட்டினாலும், சிறு மோதலுக்குப் பின் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாலும், அந்தக் காருக்குரிய கையேட்டில் சொல்லியபடி இக்கண்களை நேர்ப்படுத்தியாக வேண்டும். 'காலிபிரேஷன்' என்கிறார்கள். சமதளமான தரையில் காரை நிறுத்தி, டயர்களில் சரியான காற்று வைத்து, டிக்கியில் சுமையில்லாமல், முன்னால் அளந்த தூரத்தில் குறிப்பலகையை நிறுத்திச் செய்வது ஒரு முறை. கருவியை மாட்டிக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஓட்டிச் சென்று செய்வது மற்றொரு முறை. காருக்குக் கார் இது மாறும். இரண்டையும் கேட்கும் கார்களும் உண்டு. மச்சானுக்குச் சரியான கண்ணாடியும் இந்த வேலையும் சேர்ந்து, முதலில் மிச்சப்படுத்தியதைப் போலப் பன்மடங்கு செலவாயிற்று.

எண்ணை அழித்தால் விளக்குத்தான் அணையும்; பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னும் கொடியது யாதெனில், இப்படிக் கோணிய கேமரா சில வேளைகளில் விளக்கை எரியவே விடாது. தான் சரியாகப் பார்ப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும். இன்ஷூரன்ஸ் மூலம் கண்ணாடி மாற்றுவோர், நேர்ப்படுத்தும் செலவும் அதில் சேருமா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்து மூலம் வாங்கிக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் 'காலிபிரேஷன் செய்யப்பட்டது' என்னும் வாசகம் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விளக்கு எரியாத வேளையில்

விளக்கு எரியவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது. அப்போது நிம்மதியாகக் கண் அயரலாமா? இங்கேதான் என் கவலை மிகுதி. இத்தகைய காரை ஆறு மாதம் ஓட்டியவர்களிடம் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். முன்பு இரண்டு கார் இடைவெளி விட்டு ஓட்டியவர் இப்போது ஒட்டி ஓட்டுகிறார். கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். 'அதுதான் தானே பிரேக் போடுமே' என்கிறார்.

நம் நெடுஞ்சாலைகளில் இரவு நேரத்தில் பின்விளக்கு இல்லாமல் ஓரத்திலும், சில வேளை தடத்திலுமே நிறுத்தப்பட்டிருக்கும் லாரிகளை அறியாதவர் யார்? எத்தனை குடும்பங்கள் அவற்றால் அழிந்திருக்கின்றன! இவ்வமைப்புகள் பலவற்றுக்குப் பலவீனமான இடமும் அதுவே. சாலையோரத்துப் பலகைகள், பாலங்கள், தடுப்புச் சுவர்கள் என்று அசையாப் பொருள்கள் எண்ணற்றவை ரேடாரில் தெரியும். அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் காரே ஓடாது. எனவே வேகமாகச் செல்லும்போது அசையாத பொருள்களில் பலவற்றை அது பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அவ்வாறு விடுபடுவதில் நின்றுகொண்டிருக்கும் லாரியும் ஒன்றாகக்கூடும். இதை நான் கற்பனையாகக் கூறவில்லை. நின்றிருக்கும் வாகனத்தைக் காணத் தவறலாம் என்று கார் நிறுவனங்களே தங்கள் கையேடுகளில் எழுதி வைத்திருக்கின்றன. நாம்தான் கையேட்டை உறை பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.

மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடி ஆனால், 33 மீட்டர் போய்விடும். அதன் பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்கும். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கும் நேரத்தை இதில் நான் சேர்க்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்ட எண்ணியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நாம் அனைவரும் மதரஸாவில் கேட்டவர்கள். இறைவன்மீது பொறுப்புச் சாட்டவே ஒட்டகத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது; ஒரு கேமராவின் மீது பொறுப்பைச் சாட்டிவிட்டுக் கயிற்றைக் கையிலிருந்து விடலாமா?

இவ்வளவும் சொன்னதால், இந்த அமைப்பே வேண்டாம், அணைத்து வைத்துவிடலாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். நகர நெரிசலில் ஒரு கணம் கவனம் தவறும்போது அது காப்பாற்றிய உயிர்கள் உண்டு. நம் ஊர்களின் நெரிசலில் இருசக்கர வாகனங்கள் குறுக்கே புகும்போதெல்லாம் அலறுகிறதே என்று எரிச்சல்பட்டு அணைத்து வைப்பவர்கள், அமைப்புப் பக்கத்தில் எச்சரிக்கையின் தூரத்தைக் குறைத்து வைக்க முடியுமா என்று பார்க்கலாம். பல கார்களில் அவ்வசதி உண்டு.

விளக்கு எரிந்த நேரத்தில் ஓட்டுபவர் செய்ய வேண்டியது இரண்டே. வேகத்தைக் குறைத்து, முன்வாகனத்துக்கு இடைவெளி கூடுதலாக விட வேண்டும். தானே முன்வாகனத்தைப் பின்தொடரும் 'குரூஸ்' வசதியை நம்புவதை நிறுத்த வேண்டும். அருகில் அமர்ந்திருப்பவர், விளக்கு எரிந்தபோது மழையா, எதிர் வெயிலா, பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகா, வேறெந்த விளக்குகள் உடன் எரிந்தன என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கைப்பேசியில் பலகையைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் நிறுத்தும்போது விளக்கு சமத்தாக அணைந்திருக்கும். 'எங்களுக்கு எரியவில்லையே' என்பார்கள். அப்போது அந்தத் தாள் பேசும்.

வருகிற மாதம் எங்கள் குடும்பத்தில் மற்றொரு நிக்காஹ், இன்ஷா அல்லாஹ். அதே இராமநாதபுரத்துப் பூக்கடைக்குத்தான் மருமகன் கார் அலங்காரத்துக்குச் சொல்லியிருக்கிறார். பூவைப் பக்கக் கதவுகளிலும் பின்புறத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள், முன் பம்பரின் நடுவில் ஒரு முழம் மட்டும் வெறுமையாக விட்டுவிடுங்கள் என்றாராம். 'இப்போதெல்லாம் எல்லாரும் அதையே சொல்கிறார்கள் பாய்' என்றாராம் பூக்காரர்.